இரண்டு விரற்கடை

புறநானூற்றின் 102ஆம் பாடல் ஔவையார் பாடியது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்வதற்காக எழுந்தது. ஓர் இளவரசனை எதனோடு ஒப்பிடுவார்கள்? புலி, யானை, ஞாயிறு என்று நம் மனம் தேடும். ஔவையார் எடுத்துக்கொண்டதோ ஒரு மரத்துண்டை. உப்பு வணிகர்கள், பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரும்போது என்ன ஆகுமோ என்று எண்ணி, வண்டிக்குக் கீழே ஒரு மாற்று அச்சைக் கட்டிவைத்துக்கொண்டுதான் புறப்படுவார்களாம். அதற்குச் சேமஅச்சு என்று பெயர். எழினி தன் நாட்டுக்குச் சேமஅச்சைப் போன்றவன் என்பது பாட்டின் கருத்து.

இந்த உவமையைப் பல ஆண்டுகளாக அறிந்திருந்தாலும், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்த ஒருத்தியால் மட்டுமே இப்படிப் பாடியிருக்க முடியும் என்பது எனக்கு 2018இல்தான் உறைத்தது. அதற்குக் காரணமாக அமைந்தது ஒரு சிறிய லாரியின் அடிப்பாகத்தில் இருக்கவேண்டிய, கைப்பிடி அளவு ரப்பர். லாரிப் பட்டறையைப் பற்றி இங்கே என்ன எழுத இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். உப்பு வண்டியைப் பற்றி ஔவையார் பாடியிருக்கிறார் என்பதைத் துணைக்கு வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

*

உமணர்கள் தனியாகப் போனவர்கள் அல்லர். மனைவி மக்களோடு, சட்டி பானையோடு, வண்டியையே வீடாகக் கொண்டு நெய்தல் நிலத்திலிருந்து உள்நாட்டுக்குச் சென்றவர்கள் என்று சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. வீட்டைச் சக்கரத்தின்மேல் ஏற்றுவது மேற்கத்தியர் கண்டுபிடித்த சொகுசு என்று நாம் நினைப்பதற்கு இடமே இல்லை. நம்முடைய கூண்டு வண்டி என்ன? மூங்கில் பிளாச்சுகளை வளைத்து, மேலே பாய் வேய்ந்து, உள்ளே வைக்கோல் பரப்பி, சமுக்காளம் விரித்து, குடும்பமே திருவிழாவுக்குப் போய் மூன்று நாள் அதிலேயே தூங்கி, அதன் நிழலிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் திரும்பியது. கொடைக்கானலுக்கு மலைச்சாலை வருவதற்கு முன்னர், ரயிலில் அம்மையநாயக்கனூர் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்களும் மாட்டு வண்டியில் படுத்து உறங்கியபடியேதான் பெரியகுளம் பக்கத்து அடிவாரத் தோப்பை அடைந்தார்கள். அங்கிருந்து மேலே குதிரை அல்லது டோலி.

கூண்டு வண்டிக்கு அடுத்த படி வில்வண்டி. பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. அச்சுக்கும் பெட்டிக்கும் இடையே இரும்புப் பட்டைகளை வில்போல் வளைத்து வைத்தது அது. ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயர் என்று நம் தச்சர்களும் கொல்லர்களும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வளைந்து கொடுத்து மீண்டும் நிமிர்வது எதுவோ அது வில். லாரி வந்தபோதும் அடிப்படை மாறவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். மேலே நீளமானது, கீழே போகப்போகக் குட்டையானது. நடுவில் ஒரு போல்ட். அச்சோடு பிணைக்க இரண்டு யூ போல்ட். பட்டறைக்காரர்கள் அதைப் பட்டை என்கிறார்கள்.

பட்டை வளைவதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரிய பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது அச்சு மேலே வேகமாக வரும். சேசிஸ் கீழே அழுந்தும். இரண்டும் சந்தித்தால் இரும்பும் இரும்பும் மோதும். ஒருமுறை மோதினால் சத்தம். பலமுறை மோதினால் சேசிஸில் விரிசல், யூ போல்ட்டில் தளர்ச்சி, நடு போல்ட் முறிவு. அந்தச் சந்திப்பைத் தடுக்கத்தான் சேசிஸின் அடியில், அச்சுக்கு நேர்மேலே, ஒரு ரப்பர்த் துண்டைப் பொருத்தியிருப்பார்கள். ஸ்டாப்பர் ரப்பர் என்பது கடைப் பெயர். எனக்குத் தெரிந்த மேஸ்திரி அதை முட்டு என்றார். நானும் அப்படியே சொல்கிறேன்.

முட்டு அன்றாடம் எந்த வேலையும் செய்வதில்லை. நல்ல சாலையில் நாள் முழுக்க ஓடினாலும் அச்சு அதைத் தொடாது. வண்டி வாங்குகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. அது உதிர்ந்து விழுந்தால் ஓட்டுநருக்கும் உடனே தெரிவதில்லை.

*

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய சிறு லாரியை வாங்கி, உரிய அனுமதிகளைப் பெற்று, அதன்மேல் ஒரு வீட்டைக் கட்டினார். ஒட்டுப்பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு கட்டில், ஒரு மேடை அடுப்பு, இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, மின்கலங்கள், ஒரு சிறிய புத்தக அலமாரி. கட்டியதற்கான காரணம் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு அப்போது 84 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்ததில் முதுகெலும்பின் ஒரு கண்ணி நசுங்கிவிட்டது. வயதான பெண்களுக்கு எலும்பு இப்படிச் சுண்ணாம்புக்கட்டிபோல் நொறுங்குவது சாதாரணம் என்றார் மருத்துவர். அரை மணிக்கு மேல் உட்கார முடியாது, படுக்கலாம், குலுங்கக்கூடாது. காரோ பேருந்தோ ஆகாது என்றாகிவிட்டது. ஆனால் 2018 குறிஞ்சி பூக்கும் ஆண்டு. 2006இல் பூத்தபோது பெரியப்பா படுக்கையில் இருந்தார்; பெரியம்மா வீட்டைவிட்டு நகரவில்லை. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு அப்ப சொன்னேன். இதுதான் அந்த அடுத்த தடவை" என்று ஒருநாள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்தது 2030. அந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

செப்டம்பர் மாதம், விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள், திருச்சியிலிருந்து புறப்பட்டோம். அண்ணன், அண்ணி, பெரியம்மா, நான். திண்டுக்கல்லைத் தாண்டிச் செம்பட்டிவரை குறையொன்றுமில்லை. அதற்கப்பால் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். இன்னொரு பாலத்தின் முகப்பில் மறுபடியும். பெரியம்மாவின் கட்டில் பின் அச்சுக்கு நேர்மேலே இருந்தது.

"இடது பக்கம் அச்சு இடிக்குதுடா. வலது பக்கம் வண்டி சும்மா ஆடுது. இடதுதான் இடிக்குது" என்றார் படுத்தபடியே. முகம் வெளுத்திருந்தது. அண்ணன் அதற்குப்பின் மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டினார். அப்படியே வத்தலக்குண்டு வந்து சேர்ந்தோம்.

*

இலக்கிய வாசகர்களுக்கு வத்தலக்குண்டு என்றால் வேறு பொருள். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர்.ராஜமய்யர் இங்கே பிறந்தவர்; 1872இல் பிறந்து 1898இல் மறைந்தவர். மணிக்கொடிக் காலத்து பி.எஸ்.ராமையா இங்கே பிறந்தவர். இருவர் பெயரிலும் முன்னால் நிற்கும் 'பி' இந்த ஊரின் ஆங்கில எழுத்து. சின்னமனூரைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட சி.சு.செல்லப்பாவும் இந்த ஊரோடு பிணைந்தவர். விடுதலைப் போராட்டத்தின் சுப்பிரமணிய சிவா பிறந்ததும் இங்கேதான். வெற்றிலைக்குண்டு என்பதே வத்தலக்குண்டு ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள்.

லாரி ஓட்டுநர்களுக்கோ இது மலை ஏறுவதற்கு முன் நிறுத்திப் பார்க்கும் ஊர். இங்கிருந்து தேவதானப்பட்டிச் சாலையில் போனால் காட்ரோடு. அங்கே திரும்பினால் வளைவு வளைவாக ஏறி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானல். வாழை, பூண்டு, காய்கறி, சுற்றுலாக்காரர்கள் எல்லாமே இந்த வழியாகத்தான் மேலும் கீழும் போகின்றன. ஏற்றத்துக்கு முன் பிரேக், இறக்கத்துக்குப் பின் பட்டை என்று பார்க்க வேண்டிய வேலை எப்போதும் இருக்கும். சாலையோரம் ஒரு வேப்பமரத்தடியில் இருந்த பட்டறை ஒன்றில் நிறுத்தினோம்.

மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். வண்டிக்கு அடியில் போகுமுன் பெரியம்மாவிடம் போனார்.

"ஆத்தா, எங்க இடிக்குது? தலைமாட்டுலயா, கால்மாட்டுலயா?"

"இடுப்புக்குக் கீழே. இடது பக்கம். முதல்ல பொத்துனு அமுங்குது, அப்புறம் டங்குனு நிக்குது."

"அவ்வளவுதான் வேணும்" என்று சொல்லிவிட்டு அடியில் நுழைந்தார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். இடப்பக்க முட்டு அடியோடு பிய்ந்து போய்விட்டது. தகடு மட்டும் இருக்கிறது. வலப்பக்கத்தது காய்ந்து வெடித்து, நகத்தால் கீறினால் உதிர்கிறது. இடப்பக்கப் பட்டைக்கட்டு ஒரு விரற்கடை படிந்துவிட்டது. அடுப்பு, உருளை, தண்ணீர்த் தொட்டி, மின்கலம் எல்லாமே இடப்பக்கம்.

புதிய ரப்பர் மதுரையிலிருந்து வரவேண்டும். மறுநாள் பண்டிகை. அதற்குள் கடை திறக்காது. மூன்று நாள் பெரியம்மாவைப் பட்டறை வாசலில் வைத்திருக்க முடியாது; இப்படியே திருச்சிக்குத் திரும்புவதும் ஆகாது. அண்ணன் எதுவும் சொல்லாமல் நின்றார். மேஸ்திரி பஞ்சர் கடைப் பக்கம் பார்த்தார். அங்கே மொட்டை டயர்கள் குவிந்து கிடந்தன.

*

டயரில் முட்டுச் செய்வது அவருக்குப் புதிதல்ல. ஆனால் எந்த டயர் என்பதில் கறாராக இருந்தார். கம்பி டயர் வேண்டாம். உள்ளே எஃகு இழை ஓடுவதால் கத்தி இறங்காது, வெட்டிய முனையில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். நைலான் டயர் வேண்டும். அதிலும் ஓரச் சுவர் ஆகாது, மெல்லிசு. தரையில் உருண்ட முதுகுப்பகுதிதான் வேண்டும். தேய்ந்து மொட்டையாகியிருந்தால் மிகவும் நல்லது. அடுக்கும்போது தட்டையாகப் படியும். புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒரு லாரி டயரை எடுத்தார். சோப்புத் தண்ணீரில் கத்தியை நனைத்து நனைத்து அறுத்தார். தண்ணீர் இல்லாவிட்டால் ரப்பர் கத்தியைக் கவ்விக்கொள்ளும்.

ஒரு பக்கத்துக்கு நான்கு துண்டுகள். ஒன்றைவிட ஒன்று சிறியது. சேசிஸோடு ஒட்டி நிற்பது அகலமானது, அச்சைப் பார்த்துத் தொங்குவது சிறியது. அடுக்கினால் தலைகீழாகத் தொங்கும் ஒரு சிறு கோபுரம். ஏன் இந்த வடிவம் என்று கேட்டேன். "சின்னது முதல்ல அமுங்கும். அடி பெருசா இருந்தா அடுத்தது சேரும். எல்லாம் ஒரே அகலமா வச்சா எடுத்த எடுப்புல கல்லு மாதிரி நிக்கும்" என்றார்.

ரப்பரின் இயல்பைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது அவர் சொன்னதன் முழுப் பொருளும் புரிந்தது. ரப்பர் அமுங்கும் என்கிறோமே தவிர, அதன் கன அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்குகிறது, அவ்வளவுதான். பிதுங்க இடம் கொடுத்தால் மென்மை, தடுத்தால் கடினம். டயருக்குள் இருக்கும் நைலான் அடுக்குகள் அந்தப் பிதுக்கத்தைத் தடுக்கின்றன. அதனால் நான்கு டயர்த்துண்டுகளின் அடுக்கு, அதே உயரமுள்ள வெறும் ரப்பரைவிடப் பலமடங்கு விறைப்பானது. பெரிய பாலங்களில் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு மெத்தை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ரப்பரும் எஃகுத் தகடும் மாறிமாறி அடுக்கப்பட்டிருப்பதும் இதே காரணத்தால்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எஃகு வில் வாங்கிய விசையைப் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடும். அமுங்கிய வேகத்திலேயே துள்ளி எழும். ரப்பர் வாங்கியதில் ஒரு பகுதியைத் தனக்குள் வைத்துக்கொண்டு சூடாகிவிடுகிறது. திரும்பி வருவது வந்ததைவிடக் குறைவு. கடைசி அடியை வாங்குவதற்கு இன்னொரு இரும்பை வைக்காமல் ரப்பரை வைத்ததன் நியாயம் அதில் இருக்கிறது.

துளை போடுவதற்கு ஓர் இரும்புக் குழாயின் விளிம்பைத் தீட்டி, சுத்தியலால் அடித்து இறக்கினார். அச்சைப் பார்க்கும் கடைசித் துண்டில் மட்டும், போல்ட்டின் தலை உட்காரும் இடத்தில் ரப்பரைக் கிணறுபோல் தோண்டி, நைலான் இழை தெரிந்ததும் நிறுத்தினார். அந்த இழையின்மேல் அகலமான வாஷர், அதன்மேல் தட்டையான போல்ட் தலை. தலை ரப்பரின் மட்டத்துக்கு உள்ளே ஒளிந்திருந்தது. இரும்பு இரும்பைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பாடும். போல்ட் தலை வெளியே தெரிந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

*

இதற்குள் உதவியாள் பையன்கள் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, மரக்கட்டைகளின்மேல் நிறுத்தி, இடப்பக்கப் பட்டைகளைக் கழற்றியிருந்தார்கள். பெரியம்மா வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். படிந்த பட்டைகளை ஒவ்வொன்றாகப் பட்டடையில் வைத்து அடித்து மறுபடியும் வளைவு ஏற்றினார்கள்.

அப்போது மேஸ்திரி சொன்ன ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. "லோடு லாரிப் பட்டை இப்படிப் படியாது சார். அது ஏத்தும், இறக்கும். போகும்போது பாரம், வரும்போது சும்மா. பட்டைக்கு ஓய்வு கிடைக்கும். உங்க வண்டியில வீடு எப்பவுமே ஏறிக்கிட்டே இருக்கு. ராத்திரி நிறுத்தி வச்சாலும் அது சுமந்துக்கிட்டுத்தான் நிக்குது."

பட்டைகள் பூட்டியாயிற்று. முட்டும் பொருத்தியாயிற்று. வண்டியைக் கீழே இறக்கியபோது முட்டின் நுனிக்கும் அச்சுக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் ஒரு துண்டு சேர்த்து இடைவெளியை அடைத்துவிட்டால், வீட்டின் எடையில் ஒரு பங்கை ரப்பரே தாங்கிக்கொள்ளுமே, பட்டைக்கும் சுமை குறையுமே என்றார். பொறியாளரின் கேள்வி, தவறென்று தள்ள முடியாது. அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் முதுகில் வீட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் முட்டை எடுத்துவிட்டு அங்கே பொருத்துவது உள்ளே குழிவான, தடித்த ரப்பர் உருளை. அது சிறு அழுத்தத்திலேயே மெத்தென்று அமுங்கத் தொடங்கும். அதற்கென்றே வார்த்தது. நம்மிடம் இருந்ததோ டயர்.

"சந்தை அடைச்சா வண்டி நிமிர்ந்து நிக்கும் சார். பார்க்க நல்லாயிருக்கும். ஆனா பட்டை வேலை செய்யாது. ரோட்டுல கெடக்குற ஒவ்வொரு கல்லும் நேரா ஆத்தா முதுகுக்குப் போயிரும். எப்பவும் முட்டிக்கிட்டே இருந்தா அது முட்டு இல்ல, கட்டை."

அண்ணன் விடவில்லை. எடை, விசை என்று கணக்குச் சொல்லத் தொடங்கினார். கட்டிலிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"டேய், கூண்டு வண்டியில வைக்கோல் போடுவாங்களே, பார்த்திருக்கியா? நிறைய போட்டு அமுக்கி அமுக்கித் திணிச்சா பலகையில படுத்த மாதிரிதான் இருக்கும். எங்கப்பா உதறி உதறித் தளர்வாப் போடுவார். அப்பத்தான் தூக்கம் வரும். அவர் சொல்றபடி விடு."

அத்துடன் விவாதம் முடிந்தது. இரண்டு விரற்கடை அப்படியே இருந்தது.

அந்த இடைவெளியின் பொருளைப் பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். உதவி என்றால் சுமையில் பங்கெடுப்பது என்றுதான் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. முட்டு சுமையில் பங்கெடுப்பதில்லை. அதை வில் தன் இயல்பால் சுமந்துகொள்கிறது, சுமக்க விடவேண்டும். வில்லின் எல்லை முடிகிற இடத்தில், அதுவும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும், முட்டு குறுக்கே வருகிறது. முன்னதாகவே வந்துவிட்டால் அதுவே இடைஞ்சல். வராமலே போனால் முறிவு. வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும் என்று நினைக்கிறேன். அண்ணி அந்த இரண்டு ஆண்டுகளில் பெரியம்மாவின் கையைப் பிடித்து நடத்தியதைவிட, ஒரு முழம் தள்ளிப் பின்னால் நடந்ததே அதிகம்.

*

இடைவெளி போதுமா என்று எப்படித் தெரிவது? ஓடும் வண்டியின் அடியில் யாரும் படுத்துப் பார்க்க முடியாது. மேஸ்திரி பெரியம்மாவிடம் வந்து, "ஆத்தா, சுண்ணாம்பு இருக்கா?" என்றார். பெரியம்மா சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்துக் கொடுத்தார். அதை விரலால் வழித்து, முட்டுக்கு நேர்கீழே அச்சின்மேல் இருபுறமும் தடவினார். மோதினால் ரப்பரில் வெள்ளை ஒட்டும். எவ்வளவு பரப்பில் ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு பலமாக மோதியிருக்கிறது. வெற்றிலையின் பெயர்கொண்ட ஊரில் சுண்ணாம்புக்கு இப்படியும் ஒரு வேலை.

பெரியகுளம் சாலையில் கொஞ்சதூரம், நான்கைந்து வேகத்தடைகள் ஏறி இறங்கித் திரும்பினோம். இடப்பக்க முட்டில் வெள்ளை முழுதாகப் பதிந்திருந்தது. வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. தொட்டித் தண்ணீரில் பாதியைத் திறந்துவிட்டு, மின்கலங்களையும் அண்ணனின் புத்தகங்களையும் வலப்பக்கம் மாற்றினோம். மறுபடியும் சுண்ணாம்பு, மறுபடியும் ஓட்டம். இந்தமுறை இருபுறமும் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பொட்டு.

அன்றிரவு பட்டறை வாசலிலேயே, வண்டிக்குள் தூங்கினோம். வீட்டோடு பயணம் செய்வதில் அந்த ஒரு வசதி உண்டு. தூக்கம் வராமல் நான் செல்லப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர். தான் வெளியிட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். ஏற்றி, இறக்கி, வெறும் வண்டியாகத் திரும்பும் ஓய்வு அவருக்கு வாய்த்திருக்காது. சிற்றிதழ் நடத்திய பலருக்கும் அப்படித்தான். இன்னொரு கட்டை கொடுத்து நிமிர்த்தி நிறுத்துகிறேன் என்று வந்தவர்களைவிட, சற்றுத் தள்ளி நின்று, முறிகிற நேரத்தில் மட்டும் கைகொடுத்தவர்கள் அவர்களைச் சுற்றி எத்தனை பேர் இருந்தார்களோ. அவர்களுடைய பெயர்கள் எந்த இதழின் உள்ளட்டையிலும் இருக்காது.

காலையில் மேஸ்திரி தந்த கணக்கில் பட்டை அடித்த கூலி இருந்தது, யூ போல்ட் இருந்தது, இரண்டு பையன்களின் சம்பளம் இருந்தது. ரப்பருக்கென்று வரி எதுவும் இல்லை. கேட்டதற்கு, "அது தற்காலிகம்தான் சார். திரும்பி வந்ததும் கம்பெனி ரப்பர் வாங்கி மாட்டிருங்க" என்றார். கிளம்பும்போது அச்சில் மறுபடியும் சுண்ணாம்பு தடவினார்.

*

சதுர்த்தியன்று காட்ரோட்டில் திரும்பி ஏறத் தொடங்கினோம். மலைச்சாலையில் மேடு பள்ளம் மட்டும் பிரச்சினையில்லை. ஒவ்வொரு வளைவிலும் வீடு வெளிப்பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கத்துப் பட்டை கூடுதலாக அமுங்குகிறது. பெருமாள்மலையில் தேநீருக்கு நிறுத்தினோம். அண்ணன் கைவிளக்கோடு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது முகத்தில் ஒரு வியப்பு இருந்தது. இரு முட்டுகளிலும் வெள்ளை நன்றாகவே பதிந்திருந்தது. இடப்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு.

"எங்கம்மா இடிச்சுது? நீ சொல்லவே இல்லையே?"

"இடிச்சுதா?" என்றார் பெரியம்மா. "எனக்குத் தெரியலையே."

அந்த ஒரு விடைக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதினேன் என்று சொல்லலாம். நமக்காக வாங்கப்பட்ட அடிகளில் பெரும்பாலானவை நமக்குத் தெரியாமலே போகின்றன. அன்று ஒரு நாளைக்கு மட்டும், அச்சில் சுண்ணாம்பு தடவியிருந்ததால், ஒரு ரூபாய் அளவுக்கு எங்களுக்குத் தெரிந்தது.

பூம்பாறைக்குப் போகும் வழியில் ஒரு சரிவில் குறிஞ்சியைப் பார்த்தோம். வண்டியின் பின்கதவைத் திறந்து, கட்டிலைச் சற்றே நகர்த்தி, பெரியம்மாவின் தலைக்கு இரண்டு தலையணை கொடுத்தோம். பூவின் நீலத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறைய இருக்கிறார்கள். பெரியம்மா அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கதவைச் சாத்து, குளிருது" என்றார்.

பெரியம்மா 2021இல் காலமானார். திரும்பிய உடனேயே முறையான ரப்பரை வாங்கி மாட்டிவிட்ட அண்ணன், டயர்த்துண்டுகளை எறியாமல் கருவிப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். அண்ணியும் அவருமாக அதே வண்டியில் இன்னமும் ஊர் சுற்றுகிறார்கள். ரப்பர் வெயிலிலும் காற்றிலும் தானாகவே இறுகி வெடிக்கும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அதை அவர் நாட்குறிப்பில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்கிறார். அடுத்த குறிஞ்சிக்குள் ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்று சென்றமுறை பார்த்தபோது சொன்னார்.